குழிந்த பரப்பு குவிக்கும், விரிக்கும், மறைக்கவும் செய்யும்

2013 ஆகஸ்ட் கடைசியில், லண்டன் தெருவோரம் நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்கள் வெயிலில் உருகி நெளிந்துபோயின. லண்டன் வெயில் அப்படியொன்றும் மண்டையைப் பிளக்கும் வெயில் அல்ல. குற்றவாளி, பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த 20 ஃபென்சர்ச் தெரு என்ற 160 மீட்டர் உயரக் கட்டடம். அதன் தெற்கு முகம் முழுக்கக் கண்ணாடி, அதுவும் உள்வாங்கிக் குழிந்த கண்ணாடி. பட்ட வெயிலையெல்லாம் திரட்டித் தெருவில் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. நிருபர் ஒருவர் அங்கே சட்டியை வைத்து முட்டை பொரித்தும் காட்டினார். வடிவமைத்த ரஃபேல் வின்யோலிக்கு இது புதிதல்ல. லாஸ் வேகாஸில் அவருடைய விடாரா ஓட்டலும் நீச்சல்குளத்தோரம் படுத்திருந்தவர்களை ஏற்கெனவே சுட்டிருந்தது. லண்டன் கட்டடத்துக்குப் பிறகு வெயில் மறைப்புப் பட்டைகள் மாட்டினார்கள்.

குழிந்த ஆடியில் மாயம் எதுவும் இல்லை. ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். தட்டைக் கண்ணாடிக்கும் இதுதான் விதி. ஆனால் குழிந்த பரப்பில் ஒவ்வொரு துணுக்கும் அடுத்ததைவிடச் சற்றே சாய்ந்திருக்கிறது. இணையாக வந்த கதிர்கள் திரும்பும்போது ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. 1 மீட்டர் ஆரமுள்ள கோளத்திலிருந்து வெட்டியெடுத்த ஆடி என்றால், நடுப்பகுதியில் படும் கதிர்கள் ஆடியிலிருந்து 50 செ.மீ. தொலைவில், அதாவது ஆரத்தில் பாதியில், கூடும்.

'நடுப்பகுதியில்' என்று சொன்னதைக் கவனியுங்கள். அதே ஆடியில், அதன் நடுவை நேராகக் கடக்கும் கோடான அச்சிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் படும் கதிர், ஆடியிலிருந்து சுமார் 42 செ.மீ. தொலைவிலேயே அச்சை வெட்டிவிடும். ஆக, கோள ஆடிக்குக் குவியம், அதாவது கதிர்கள் கூடும் இடம், ஒரு புள்ளி அல்ல, ஒரு கோடு. நட்சத்திரத்தைப் படம்பிடிப்பவருக்கு இது பெரிய தொல்லை. அதனால் தொலைநோக்கிகளில் கோளத்தை விட்டு, இணைக்கதிர்களை ஒரே புள்ளியில் கூட்டும் பரவளையம் என்ற வளைவுக்குப் போகிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடி அப்படித் தேய்க்கப்பட்டதுதான். இந்த வேலையில் கை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு ஹப்பிள் சாட்சி. அதன் முதன்மை ஆடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட 2.2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் அது. ஆனாலும் படங்கள் மங்கின. 1990-இல் ஏவிய தொலைநோக்கியை 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள்.

பரவளையத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அச்சுக்கு இணையாக வரும் ஒளியைத்தான் அது ஒழுங்காகக் குவிக்கும். சூரியன் நகர்ந்தால் மொத்த ஆடியையும் திருப்பியாக வேண்டும். கோளத்துக்கு அந்தக் கவலை இல்லை. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான். புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லின் சூரிய சமையற்கூடத்து மாடியில் இருக்கும் 15 மீட்டர் அகலக் கிண்ணம் இதைத்தான் பயன்படுத்துகிறது. கிண்ணம் அசைவதே இல்லை. குவியம் கோடாக விழுகிறது அல்லவா, அந்தக் கோட்டின் மேலேயே நீளவாக்கில் ஒரு கொதிகலனைத் தொங்கவிட்டு, சூரியன் போகிற போக்கில் அதை மட்டும் நகர்த்துகிறார்கள். வானியலாளருக்குக் குறையாக இருந்தது இங்கே சோறு சமைக்க நீராவி தருகிறது. போர்ட்டோ ரிக்கோவில் 2020 வரை நின்ற அரெசிபோ வானொலித் தொலைநோக்கியின் 305 மீட்டர் கிண்ணமும் இதே காரணத்துக்காகக் கோளவடிவில் கட்டப்பட்டதுதான்.

கண்ணாடிக்குள் ஒளி புகுந்து வெளியேறுகிறது என்றால் கதை தலைகீழ். கிட்டப்பார்வைக்குப் போடும் குழிலென்ஸ் நடுவில் மெலிந்து விளிம்பில் தடித்திருக்கும். ஒளி தடித்த பக்கமாக வளைவதால் கதிர்கள் விரிகின்றன. விழித்திரைக்கு முன்னாலேயே கூடிவிடும் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ள இந்த விரிப்பு தேவை. பவர் கூடக் கூட விளிம்பு தடிக்கும். அதனால்தான் கடைக்காரர் சின்ன ஃபிரேமாகப் பார்த்து எடுக்கச் சொல்கிறார்.

கணிதக்காரருக்கு ஆடியும் வேண்டாம், லென்ஸும் வேண்டாம். ஒரு வடிவத்துக்குள் இரண்டு புள்ளிகளை எடுத்து நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்பார். கோடு எங்காவது வெளியே போய்த் திரும்பினால் அந்த வடிவம் குழிந்தது. எனக்கு இந்த வரையறைதான் இருப்பதிலேயே அழகானது. ஏனெனில் அது நேரடியாகப் பார்வையைப் பற்றிப் பேசுகிறது: குழிவில்லாத கூடத்தில் ஒரு காவலாளி எங்கே நின்றாலும் எல்லாம் தெரியும், குழிவுள்ள கூடத்தில் மூலைகள் மறையும். அப்படியானால் எத்தனை காவலாளிகள் வேண்டும்? விக்டர் கிளீ 1973-இல் கேட்ட கேள்வி இது. இரண்டு ஆண்டுகளில் வாஷெக் க்வாட்டல் விடை நிறுவினார்: மூலைகளின் எண்ணிக்கையை 3-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டால் போதும். 12 மூலை கொண்ட கூடம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் 4 பேர் தாராளம்.

பொருளியலில் குழிவு வரைபடத்துக்கு வந்துவிடுகிறது. ஏறும்போதே மெல்ல மெல்லத் தட்டையாகும் வளைவில் எந்த இரு புள்ளிகளை இணைத்தாலும் அந்த நேர்கோடு வளைவுக்குக் கீழேதான் கிடக்கும். பணம் தரும் நிறைவு இப்படித்தான் ஏறுகிறது என்று டேனியல் பெர்னூலி 1738-இலேயே எழுதினார். நாணயத்தைச் சுண்டி 10,000 ரூபாயோ வெறுங்கையோ என்பதைவிடக் கையில் 5,000 கிடைத்தால் போதும் என்று பலரும் நினைப்பதற்கு வளைவுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே காரணம்: சுண்டுவதன் சராசரி நிறைவு கோட்டில் இருக்கிறது, கையில் கிடைக்கும் 5,000-இன் நிறைவு அதற்கு மேலே வளைவில் இருக்கிறது. சராசரி இழப்பைவிடக் கூடுதலாக பிரீமியம் கட்டி நாம் காப்பீடு எடுப்பதும் அதே இடைவெளிக்காகத்தான்.