ஹெட்லைட் பல்பில் கை படக் கூடாத இடம்

சேலம் டவுனுக்குள் ஒரு பக்க ஹெட்லைட் எரியாமலே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டியிலும் தெருவிளக்கே போதும் என்பதால் பல்பு போனதே பல நாளைக்குத் தெரியாது. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற்காடு மலைப்பாதை தொடங்கும்போதுதான் வினை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். எதிரே இறங்கி வருகிறவருக்கு ஒற்றைக் கண் கார் பைக்காகத் தெரியும். அணைந்திருப்பது வலது பக்க விளக்கு என்றால் இன்னும் மோசம். நம் வண்டி எதுவரை இருக்கிறது என்று அவர் போடும் கணக்கு ஏறக்குறைய ஒரு கார் அகலத்துக்குத் தவறிவிடும்.

பல்பு மாற்றுவது பெரிய வேலை இல்லை. பெரும்பாலான கார்களில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடலாம். ஆனால் "கண்ணாடியைத் தொட்டுராதீங்க சார்" என்று மெக்கானிக்குகள் சொல்வார்களே, அது ஏன்? பல்பு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் எதிரே வருகிறவர் கண் கூசுகிறதே, அது ஏன்? இரண்டுக்கும் பதில் பல்புக்குள்ளேயே இருக்கிறது.

நம் ஊர் கார்களில் அதிகம் புழங்குவது எச்4 ஹாலோஜன் பல்பு. பழையது ஒன்று கிடைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். விரல் கனத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு சுருள் இழைகள். இழை டங்ஸ்டன். உலோகங்களில் உருகுநிலை மிக அதிகம் உள்ளது அதுதான்: 3,422 டிகிரி செல்சியஸ். எரியும்போது இழையின் சூடு 3,000 டிகிரியை நெருங்கும். உருகாவிட்டாலும் டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய குண்டு பல்பில் அந்த ஆவி கண்ணாடியில் கரியாகப் படியும். இழை மெலிந்து ஒரு நாள் அறுந்து போகும்.

இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எல்மர் ஃப்ரிட்ரிக், எம்மெட் வைலி என்ற இருவர். பல்புக்குள் துளியூண்டு அயோடினைச் சேர்த்தார்கள். 1959இல் காப்புரிமை கிடைத்தது. அயோடின், புரோமின் போன்ற ஹாலோஜன் தனிமங்கள் கண்ணாடி ஓரத்துக்கு வந்த டங்ஸ்டனோடு கூடி ஒரு வாயுவாகிவிடுகின்றன. டங்ஸ்டன் கண்ணாடியில் ஒட்டுவதில்லை. அந்த வாயு சுற்றிச் சுற்றி இழைப் பக்கம் வரும்போது அங்குள்ள சூட்டில் உடைகிறது. டங்ஸ்டன் இழையில் இறங்க, ஹாலோஜன் அடுத்த நடைக்குக் கிளம்புகிறது. டவுன் பஸ் மாதிரிதான், ஆனால் டங்ஸ்டனை அது இழையில் கிளம்பின இடத்திலேயே இறக்கிவிடுவதில்லை. இழையில் எங்கே மெலிந்து அதிகம் சூடாகிறதோ, அங்கே போய்ச் சேரும் டங்ஸ்டன் குறைவு. அதனால் ஹாலோஜன் பல்பும் கடைசியில் அங்கேதான் அறும்.

பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் பீஸ் போவதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவிட்ச் போட்டதும் ஒரு கணத்துக்குப் பல மடங்கு மின்சாரம் பாயும். மெலிந்த இடம் அதைத் தாங்காது.

சரி, கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். இந்தச் சுழற்சி நடக்க வேண்டுமென்றால் கண்ணாடியின் உட்பக்கம் 250 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். அதனால்தான் ஹாலோஜன் பல்பின் குழாய் இவ்வளவு சிறிதாக, இழையை ஒட்டினாற்போல் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி இந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் குவார்ட்ஸ் அல்லது அதற்கென்றே செய்த கெட்டிக் கண்ணாடியைப் போடுகிறார்கள். நம் விரலில் எண்ணெய்ப்பசையும் வியர்வை உப்பும் இருக்கின்றன. பசை கருகிய இடம் மற்ற இடத்தைவிட அதிகம் சூடாகும். உப்பில் உள்ள சோடியம் சூட்டோடு சேர்ந்து குவார்ட்ஸைப் பளிங்குபோல் படிகமாக்கிவிடும். அந்த இடம் பால் நிறமாகி வலுவிழக்கும். உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது, எரியும்போது அது இன்னும் ஏறும். விரிசல் விட வேறென்ன வேண்டும்? தவறிக் கை பட்டுவிட்டால் பதற்றம் வேண்டாம். சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து, காயவிட்டு மாட்டலாம்.

செத்த பல்பே கதை சொல்லும். இழை அறுந்து, அறுந்த முனையில் குட்டிக் குமிழ் திரண்டிருந்தால் ஆயுள் முடிந்து போனது. உள்ளே வெள்ளையாகப் புகை படிந்திருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. அது டங்ஸ்டன் ஆக்சைடு. இழை முழுசாக இருக்கிறதா? அப்படியானால் ஃபியூஸையும், பல்பின் பின்னால் ஒயரை மாட்டும் கப்ளரையும் பாருங்கள்.

இரண்டு இழைகளில் ஒன்று பிரைட், ஒன்று டிம். ஹெட்லைட்டின் உள்கிண்ணம் ஒரு பரவளையம். அதன் குவியத்தில் வைத்த இழையின் ஒளி இணைகற்றையாக நேரே தூரம் போகும், அது பிரைட். டிம் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் ஒளி கிண்ணத்தின் மேல்பாதியில் பட்டால் சாலையை நோக்கிக் கீழே இறங்கும்; கீழ்ப்பாதியில் பட்டால் எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறும். அதைத் தடுக்கத்தான் டிம் இழையின் அடியில் கரண்டிபோல ஒரு சின்னத் தகடு. பல்பு கொஞ்சம் சரிந்தாலும் தகடும் சரியும். தடுக்க வேண்டிய ஒளி தப்பிப் போகும். கிண்ணத்துக்குப் பளபளப்பைத் தருவது அலுமினிய ஆவியைப் படியவைத்த மெல்லிய பூச்சு. 

இனி வேலை. இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, பல்பு ஆறும்வரை பொறுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்வது நல்லது. பானெட்டைத் திறந்தால் ஹெட்லைட்டின் முதுகில் மூன்று கால் கப்ளர். ஒயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரையே பிடித்து இடவலமாக அசைத்து எடுங்கள். அதற்குள் ரப்பர் கவர், அதற்குள் கம்பி கிளிப். கிளிப்பை அமுக்கி ஒரு பக்கமாகத் தள்ளினால் திறக்கும். கை நுழையாத இடத்தில் இந்தக் கிளிப்தான் பாதிப் பொழுதைத் தின்னும். செல்போன் கேமராவை உள்ளே நீட்டிப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். புதுப் பல்பை அடித்தகட்டில் மட்டும் பிடியுங்கள். தகட்டின் மூன்று காதுகளும் சம இடைவெளியில் இருக்காது. ஒரே ஒரு வாகில்தான் உட்காரும். உட்காராமல் கிளிப்பை மாட்ட முயலாதீர்கள். ரப்பர் கவரில் 'டாப்' என்று இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். கவர் சரியாக அமராவிட்டால் ஏற்காட்டு ஈரம் உள்ளே போய் ஹெட்லைட் கண்ணாடி வேர்த்துவிடும். சில கார்களில் பேட்டரியையோ ஏர் ஃபில்டரையோ கழற்றினால்தான் கை போகும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். இரண்டு பல்பும் ஒரே அளவு உழைத்தவை, எனவே இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கடையில் "நூறு தொண்ணூறு போடுங்கண்ணா, பகல் மாதிரி இருக்கும்" என்பார்கள். பிரைட் 100 வாட், டிம் 90 வாட் உள்ள பல்பு அது. வேண்டாம். வழக்கமான எச்4 பல்பின் 60 வாட் பிரைட் இழை 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் 8 ஆம்பியருக்கு மேல். ஒயரில் பிறக்கும் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது இரண்டே முக்கால் மடங்கு. முதலில் உருகுவது கப்ளர். ஹாலோஜன் கிண்ணத்தில் மாட்டும் எல்இடி பல்பும் என் கணக்கில் வேண்டாததுதான். கிண்ணம் இழையின் இடத்துக்கும் அளவுக்கும் வார்த்தது. எல்இடி சில்லுகள் பட்டையான தகட்டின் இரு பக்கமும் ஒட்டியவை. ஒளி புறப்படும் இடமும் வடிவமும் வேறு. வெளிச்சம் கூடின மாதிரி நமக்குத் தோன்றும், எதிரே வருகிறவருக்குக் கண் இருட்டும். மூடுபனியில் நமக்கும் பிரயோஜனமில்லை. நீர்த்துளிகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பும். வெளிச்சம் கூடக்கூட முன்னால் வெள்ளைதான் கூடும். பனிக்கு டிம்தான் சரி.

கடைசியாகச் சுவர்ச் சோதனை. சமதரையில் காரைச் சுவருக்கு நேராக 5 மீட்டரில் நிறுத்தி டிம் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு, பல்பின் உயரத்துக்கு 5 சென்டிமீட்டராவது கீழே விழ வேண்டும். இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் வேண்டுமென்றே செய்தது அது. ஒரு பக்க விளிம்பே கலங்கித் தெரிந்தால் பல்பு சரியாக உட்காரவில்லை, திரும்பக் கழற்றுங்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாக மலை ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், டிம்மும் தூக்கும். ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு உருளை பல கார்களில் இருக்கிறது. அதை 2க்கோ 3க்கோ திருப்பினால் ஒளி இறங்கிவிடும்.