குழந்தைக்காக முதலில் ஊரைக் கேளுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பீடோர் வட்டாரத்தில் சமூகநலப் பணி செய்கிறேன். செம்பனைத் தோட்டத்து லயங்களிலும், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு டவுனுக்கு வந்த மலிவுவிலை வீடுகளிலும் நம் தமிழ்க் குடும்பங்கள். மலையடிவாரத்துக் கம்போங்களில் (கிராமங்களில்), ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வக்குடிகளில் ஒரு பிரிவினரான செமாய் மக்கள். ஒரே கிளினிக், ஒரே சந்தை. ஆனாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் கஷ்டம் நமக்கும், நம்முடையது அவர்களுக்கும் தெரிவதில்லை.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். வலிப்பு வரும் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு செமாய்ப் பாட்டி அலைந்தார். வண்டி ஏற்பாடு எங்கள் வேலை இல்லை என்றது ஓர் அலுவலகம். பிறப்புப் பத்திரம் இல்லாமல் உதவித்தொகைக்கு எழுத முடியாது என்றது இன்னொன்று. பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அதுவரை அந்த ஊரின் தலைவரான தோக் பத்தினை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. பேசிய அன்றே பல விஷயம் தெரிந்தது. சித்தி ஒருத்தி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், மருந்து கொடுக்கக் கற்றுக்கொள்ளத் தயார். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்கள் முறை போட்டு கிளினிக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். பிள்ளை ஊரிலேயே வளர்கிறான்.

இந்த அலைக்கழிப்பு உலகம் முழுக்க உண்டு. கனடாவில் ஜோர்டன் ரிவர் எண்டர்சன் என்ற கிரீ பூர்வக்குடி இனச் சிறுவன், வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு தருவதா மாநில அரசு தருவதா என்ற இழுபறியில் இரண்டு வருடத்துக்கு மேல் தேவையில்லாமல் மருத்துவமனையிலேயே கிடந்து, 2005-இல் ஐந்து வயதில் இறந்துபோனான். அவன் பெயரால் அங்கே ஒரு விதி வந்தது: குடும்பம் முதலில் எந்த அரசை அணுகுகிறதோ அதுவே செலவை ஏற்க வேண்டும், கணக்கை அரசுகள் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். 2007-இல் நாடாளுமன்றம் அதை ஏற்றது. ஆனாலும் சரியாக நடக்கவில்லை. பூர்வக்குடி மக்களின் சொந்த அமைப்புகள் மனித உரிமைத் தீர்ப்பாயம் வரை போய் 2016-இல் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைக்காகக் கடைசிவரை விடாமல் நின்றது அதன் சொந்த சனம்தான்.

நம் பக்கத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். பீடோர் கம்போங் சாங்கில் தீஜா யோக் சோப்பில் முன்னின்று நடத்தும் சினுய் பாய் நானெக் செங்கிக் என்ற செமாய் அமைப்பு, ஊர்ப் பிள்ளைகளின் கல்வியை ஊராரே கையில் எடுத்துச் செய்கிறது. வெளியிலிருந்து போகும் என்னைப் போன்றவர்கள் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்? 2015 ஆகஸ்டில் கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் பக்கம், தண்டனைக்குப் பயந்து பள்ளி விடுதியிலிருந்து காட்டுக்குள் ஓடிய ஏழு ஒராங் அஸ்லி பிள்ளைகளில் ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு சிறுமிகள் ஒன்றரை மாதம் கழித்து உயிரோடு கிடைத்தார்கள். வீட்டை விட்டுத் தூரத்தில் படிக்கும் சின்னப் பிள்ளைக்கு, தன் மொழியில் பயத்தைச் சொல்ல ஓர் ஆள் விடுதியிலேயே இருக்க வேண்டும். இதைச் செலவுக் கணக்காகப் பார்க்கக் கூடாது.

சட்டத்திலும் சில பிடிமானங்கள் உண்டு. 1954-ஆம் ஆண்டு ஒராங் அஸ்லி சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒராங் அஸ்லி என்ற காரணத்துக்காக மட்டும் எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் சமய போதனையில் உட்காரக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில், பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையை இல்லத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. தகுந்த ஒருவர் பொறுப்பிலும் நீதிமன்றம் விடலாம். அதனால் பாட்டியோ அத்தையோ தாய்மாமனோ இருந்தால், வெல்ஃபேர் அதிகாரி வரும்போதே "நாங்கள் இருக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால் அறிக்கையில் உங்கள் பெயர் வராது.

நம் தோட்டத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒராங் அஸ்லி மக்களின் மரபுத் திருமணங்களை 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அவர்கள் வழக்கத்துக்கே விட்டிருக்கிறது. நமக்கு அந்த விலக்கு இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே ஆகாது. அப்படிப் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை அம்மாவைப் பொறுத்து அமையும். அம்மாவுக்கு ஐசி (அடையாள அட்டை) இல்லையென்றால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்ற பிள்ளையாக நிற்க நேரலாம். லயத்தில் இந்த நிலையில் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

முன்பு தோட்டத்தில், பெற்றோர் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை இருந்தது. எந்தப் பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எந்த வீட்டில் அடிதடி என்பது ஆயாவுக்குத் தெரியும். அவர் அதே லயத்துப் பெண். தோட்டங்கள் போனபோது அந்தக் கண்ணும் போய்விட்டது, அதற்கு ஈடாக எதையும் நாம் உண்டாக்கவில்லை. கோயில் கமிட்டியும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நினைத்தால் முடியும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு, ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) அலுவலகத்துக்குக் கூடவே போக இரண்டு பேரை நியமியுங்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்துக்குத் தேதி குறிக்கும்போதே பதிவுத் திருமணச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். அடி, பட்டினி, துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999-க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.