லங்காட் சேறும் திரங்கானு எண்ணெயும்

பந்திங்கிலிருந்து ஜுக்ரா போகும் வழியில் எங்காவது செம்பனைத் தோட்டத்து வாய்க்காலைப் பேக்கோ வைத்துத் தூர்வாரிக்கொண்டிருந்தால், வண்டியை ஓரம் கட்டிவிட்டு வெட்டிய கரையைப் பாருங்கள். மேலே கொஞ்சம் பழுப்பு மண், அதற்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண். ஈரமாக இருக்கும்போது எல்லாம் ஒரே கட்டியாகத்தான் தெரியும். அரை நாள் வெயில் பட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்: களிமண்ணுக்கு நடுநடுவே நகக்கனத்தில் மணல் கோடுகள், ஆங்காங்கே சிப்பி ஓடு, மட்கிய அலையாத்தி வேர்.

இந்த மாதிரிக் கோடுகளைப் படிக்கத்தான் புவியியலாளர்கள் உலகெங்கும் ஆற்றுமுகச் சேற்றில் இறங்குகிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கோல்மனும் அவருடைய சகாக்களும் 1970இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று, நம்முடைய கிள்ளான்–லங்காட் டெல்டாவைப் பற்றியதுதான். நம் ஊரில் அதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நமக்கு எண்ணெய் என்றால் செம்பனை எண்ணெய், சேறு என்றால் துவைக்கிற வேலை.

சரி, சேற்றுக்கும் பெட்ரோலியத்துக்கும் என்ன சம்பந்தம்? பெட்ரோலியம் நிலத்தடியில் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. மணற்பாறையில் மணலுக்கும் மணலுக்கும் நடுவே உள்ள இண்டு இடுக்கில் அது இருக்கிறது. நல்ல மணற்பாறையில் கால் பங்குகூட வெற்றிடமாக இருக்கலாம். திரங்கானு கடலுக்கு அடியில், மண் படிந்து நிரம்பிய பெரும் பள்ளமான மலாய் படுகையில் இருக்கும் எண்ணெய்ப் பாறைகளில் பெரும்பகுதி, ஏறக்குறைய 3 கோடி முதல் 1 கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆறுகளும் டெல்டாக்களும் ஆழமில்லாக் கடலும் கொட்டிவிட்டுப் போன மணல். சரவாக்கில் 1910இல் மிரி குன்றின் மேல் தோண்டிய முதல் கிணறும் பழைய கடலோர மணலைத்தான் துளைத்தது. மிரி விமான நிலையச் சாலையோரத்தில் அதே பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நின்று தொட்டுப் பார்க்கலாம்.

கடலுக்கடியில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் அப்படித் தொட முடியாது. கைக்குக் கிடைப்பது ஒரு சாண் அகலத் துளை மட்டும். அடுத்த துளை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். இரண்டிலும் மணல் தட்டுப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒரே மணலா, இரண்டு தனித்தனி மணலா? கோடிக்கணக்கான ரிங்கிட் இந்தக் கேள்வியில் தொங்குகிறது. பதில் தேட, இன்று ஓடும் ஆறு மணலை எப்படிப் போடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜுக்ரா மலை மேல் ஏறினால் லங்காட் ஆறு வளைந்து வளைந்து போவது தெரியும். வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாக மோதி அரிக்கும். உள்கரையில் வேகம் குறைந்து மணலைப் போடும். ஆறு பக்கவாட்டில் நகர நகர அந்த மணல்திட்டும் அகலமாகும். அடியில் பருமணல், மேலே போகப்போகப் பொடிமணல், உச்சியில் களிமண். ஆறு கடலில் விழும் இடத்தில் இது தலைகீழ்: முதலில் ஆழத்தில் சேறு, அதன்மேல் முன்னேறி வரும் ஆற்றின் மணல். களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம் என்பதால் அது காமா கதிரைக் கூடுதலாக வெளிவிடும். சுத்தமான மணல் குறைவாக விடும். கிணற்றுக்குள் ஒரு கருவியை இறக்கி அந்தக் கதிரை அளந்தால், ஆற்று வளைவின் மணல் வரைபடத்தில் மணி வடிவில் விழும், டெல்டா முகத்து மணல் புனல் வடிவில் விழும். பழகிய கண்ணுக்கு ஓரளவு போதும். ஆனால் வரைபடம் மட்டும் பார்த்து அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். துளையிலிருந்து எடுத்த பாறையையும் பார்க்க வேண்டும்.

வில்லங்கம் ஆரம்பிப்பது கடல் ஏற்ற இறக்கத்தில். கிள்ளான் கரையோரம் பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் நீர் 4 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நீர் ஓடும்போது மணல் நகரும். திசை மாறும் முன் நீர் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அந்த இடைவேளையில் உப்புநீரில் ஒட்டித் திரண்ட களித்துகள்கள் மெல்லப் படியும். அடுத்த ஓட்டம் வந்து மேலே மணல் போடும். மணல், களி, மணல், களி என்று லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கு. ஒரு களி அடுக்கு சில மில்லிமீட்டர்தான். ஆனால் களித்துகளின் அளவு 0.004 மில்லிமீட்டருக்கும் கீழே. அதன் இடுக்கு வழியே எண்ணெய் நகர்வது ஏறக்குறைய நடக்காத காரியம். பக்கவாட்டில் மணல் வழியே தாராளமாக ஓடும் எண்ணெய், மேலும் கீழும் போக முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

பல எண்ணெய் வயல்களில் ஒரு கிணற்றில் தண்ணீரைச் செலுத்தி, அடுத்த கிணற்றுப் பக்கம் எண்ணெயைத் தள்ளுவார்கள். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைப் பிடித்துக்கொள்ளும். களி அடுக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் எண்ணெய் அப்படியே கிடக்கும். பழைய ஆறு வளைவை அறுத்துக்கொண்டு போனபின் சேறு நிரம்பித் தூர்ந்த குட்டைகளும் இதே வேலையைச் செய்யும், பெரிய அளவில். உலகச் சராசரியில் பாறைக்குள் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு அளவே மேலே வருகிறது. மிச்சம் கீழேயே தங்குவதற்கு இந்தச் சேறு ஒரு முக்கியக் காரணம்.

நில அதிர்வு அலைகளை அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் முப்பரிமாண ஆய்வு வந்த பிறகு கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. மலாய் படுகையில் கடலடி மண்ணைக் கிடைமட்டமாகச் சீவிப் பார்ப்பதுபோல் படம் எடுத்தால், வளைவும் நெளிவுமாகப் புதைந்த ஆறுகள் அப்படியே தெரிகின்றன. மேலே இருப்பவை பனியுகத்து ஆறுகள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. அன்று அங்கே தரை, ஆறு, காடு. கீழே போகப்போகப் படம் மங்கும், மெல்லிய களி அடுக்கோ எந்தப் படத்திலும் விழாது. அதற்கு மறுபடி லங்காட் போன்ற ஆறுகளிடம்தான் வர வேண்டும்.

அப்படியானால் பந்திங்குக்கு அடியில் பெட்ரோலியம் உண்டா? கிடையாது. தாவர மிச்சம் எண்ணெயாக மாற, கிலோமீட்டர் கணக்கில் புதைந்து வேக வேண்டும். மலாய் படுகையின் ஆழமான இடத்தில் படிவு 12 கிலோமீட்டருக்கு மேல். இங்கே கொஞ்ச ஆழத்திலேயே கெட்டிப் பாறை தட்டிவிடும். ஆனால் மேல் களிமண்ணுக்குக் கீழே பழைய ஆறுகள் போட்ட மணலும் சரளையும் இருக்கின்றன. அதில் இருப்பது தண்ணீர். தொழிற்சாலைகள் ஆழ்கிணறு போட்டு அதை எடுத்திருக்கின்றன. அளவுக்கு மீறி உறிஞ்சினால் மேலே உள்ள களிமண்ணிலிருந்தும் நீர் கசிந்து வெளியேறும், களி சுருங்கும், நிலம் தாழும். கடல் மட்டத்தை ஒட்டி, அணைக்கரையும் மதகும் கட்டி விவசாயம் செய்யும் கேரித் தீவுப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓரடி தாழ்வுகூடப் பெரிய விஷயம்.