தசைநாண்: தசைநார் வேறு, நாண் வேறு

கிரிக்கெட் வீரர் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினால் மறுநாள் செய்தியில் ‘தசைநார் கிழிவு’. முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் என்ற கட்டு அறுந்தாலும் அதே ‘தசைநார் கிழிவு’தான். சரி, கிழிந்தது எது? தசையின் இழையா, தசையை எலும்போடு சேர்க்கும் கயிறா, எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் கட்டா? மூன்றும் வேறு வேறு.

இவற்றில் நடுவில் நிற்பது டெண்டன். கிரேக்க மொழியின் ‘டெனோன்’, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இழுத்து நீட்டுதல் என்பது வேர்ப்பொருள். தமிழில் தசைநாண். நாண் என்றால் வில்லின் கயிறு. அதன் இன்னொரு வடிவமான ‘ஞாண்’ அரைஞாணில் இருக்கிறது.

இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது கடினம். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது, கயிறும் அப்படித்தான். தசை இழைக்குள் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும்போது தசை சுருங்குகிறது. அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோவது நாண். முழங்கையை மடக்க மேல்கையின் முன்புறத் தசை இழுக்கும்; நீட்ட வேண்டுமென்றால் பின்புறத் தசை இழுத்தாக வேண்டும். விரல்களை மடக்கி விரித்தபடி முழங்கைக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், உள்ளே தசை புரளும். வேலை செய்யும் பெரிய தசைகள் அங்கே இருக்கின்றன. மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை ஓடுவது நாண்தான்.

லிகமென்ட் கதை வேறு. லத்தீனில் ‘லிகாரே’ என்றால் கட்டுதல். இதைப் பலரும் தசைநார் என்று எழுதுகிறார்கள். எலும்பை எலும்போடு கட்டும் பொருளுக்குத் தசை என்ற முன்னொட்டு எதற்கு? இணைப்பு நார் என்பதே தெளிவு. தசைக்குள் இருப்பதைத் தசை இழை என்றுவிட்டால் குழப்பம் பாதி தீரும். மூட்டு என்ற சொல்லில் மட்டும் சிக்கலே இல்லை; கைலியின் இரு முனைகளைச் சேர்த்துத் தைப்பதையும் மூட்டுவது என்றுதானே சொல்கிறோம்.

அப்புறம் நரம்பு. ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று ஊரில் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். யாழின் தந்தியும் நரம்புதான். கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்பதே முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்த சொல். மூளையின் செய்தி ஓடும் நரம்பு என்ற பொருள் பிறகு வந்தது. ஆனால் இன்று எழுதும்போது பிரித்தே எழுத வேண்டும்: குதிகாலுக்குச் சற்று மேலே விரலால் பிடித்தால் கெட்டியாக அகப்படுவது நரம்பல்ல, உடலிலேயே மிகத் தடித்த தசைநாண்.