நீர்க்கடுப்பு எல்லாம் சூடு அல்ல: சிறுநீர்த்தாரை அழற்சி பற்றிச் சில சொற்கள்

கத்தரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் ஒரு புகார் கூடிவிடும். "சூடு பிடிச்சிருக்கு டாக்டர், நீர் போனா எரியுது." அப்படி வந்த முப்பது வயதுக்காரர் ஒருவரின் கால் பெருவிரல் நகங்களில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் எனப் பத்து நாட்களைக் கழித்திருந்தார். எரிச்சல் சற்றுத் தணிந்ததும் உண்மைதான், ஏனெனில் நிறைய நீர் குடிக்கும்போது சிறுநீர் நீர்த்து எரிச்சல் குறையத்தான் செய்யும். காலையில் உள்ளாடையில் மஞ்சள் கறை படிவதை மட்டும், நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட பிறகே சொன்னார்.

வெயிலில் அலைந்து தண்ணீர் போதாமல் வரும் கடுப்பு, உடலில் நீர் சேர்ந்ததும் ஓரிரு நாளில் நின்றுவிடும். சிறுநீர்த்தாரை அழற்சி அப்படி நிற்பதில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் அந்தக் குழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ., பெண்களுக்கு 4 செ.மீ. நீளமுடையது, அதன் உட்சவ்வு புண்பட்டு வீங்குவதையே அழற்சி என்கிறோம். இளவயது ஆண்களிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம் பாலுறவு வழியே வரும் தொற்றுதான். ஊரில் வெட்டை என்று சொல்லும் கொனோரியா பொதுவாக 2 முதல் 5 நாட்களுக்குள் கெட்டியான சீழோடு வெளிப்படும். கிளமிடியா என்னும் இன்னொரு தொற்றோ 1 முதல் 3 வாரம் பதுங்கியிருந்து, மெல்லிய கசிவாக வரலாம், எந்த அறிகுறியும் காட்டாமலும் இருந்துவிடலாம். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம், டிரைக்கோமோனாஸ் ஆகிய கிருமிகளும் இந்தப் பட்டியலில் உண்டு.

எல்லாமே தொற்றும் அல்ல. சிறுநீர் வடிக்கக் கதீட்டர் குழாய் போட்டதால் வரும் உரசல், கிருமிநாசினி ஊற்றிக் கழுவும் பழக்கம் ஆகியவையும் சவ்வைப் புண்ணாக்கும். சிகிச்சை முடிந்த பின்னும், சீழ் நின்றுவிட்டதா என்று நாளுக்குப் பத்து முறை பிதுக்கிப் பார்த்தே எரிச்சலை நீட்டித்துக்கொள்பவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்கு நான் எழுதித் தரும் மருந்து, கையை எடுத்துவிடுவதுதான்.

பரிசோதனையில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்கு முதலில் வருவதை விட்டு நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்வார்கள். இதற்கோ, இரண்டு மணி நேரமாவது அடக்கியிருந்து முதலில் வரும் 10 முதல் 20 மி.லி. தேவை, ஏனெனில் தாரையில் ஒட்டியிருக்கும் கிருமியை அந்த முதல் நீர்தான் கழுவிக்கொண்டு வருகிறது. கசிவு இருந்தால் அதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, கிருமிகளை நிறம்பிரித்துக் காட்டும் 'கிராம்' சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தே பல நேரங்களில் கொனோரியாவை இனங்காண முடியும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சிட்ரேட் சிரப் எரிச்சலை மட்டுமே மட்டுப்படுத்தும். கூடவே தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரைக்கு நம் நாட்டில் கொனோரியா பெருமளவு பணிவதில்லை. கொனோரியாவுக்குத் தசையில் ஒரே ஒரு செஃப்ட்ரியாக்சோன் ஊசி, கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை 7 நாள் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. கருவுற்ற பெண்களுக்கு டாக்சிசைக்ளின் ஆகாது என்பதால் அசித்ரோமைசின் தருகிறோம். இதைப் படித்துவிட்டு நீங்களே வாங்கிச் சாப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. எது யாருக்கு என்பதைப் பரிசோதனையே தீர்மானிக்க வேண்டும். கவனியாமல் விட்டால் ஆண்களுக்கு விதைப்பையில் வீக்கமும், பின்னாளில் தாரை சுருங்கிச் சிறுநீர் நூல்போல இறங்கும் நிலையும் வரலாம்; பெண்களுக்குக் கருக்குழாய் அடைபட்டுக் குழந்தைப்பேறு தடைபடலாம்.

மேலே சொன்னவரின் மனைவிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. "அவளுக்கு எதுக்கு டாக்டர் சோதனை?" என்று அவர் தயங்கினார். மனைவியின் சோதனையில் கிளமிடியா இருந்தது. ஒருவரை மட்டும் குணமாக்கி அனுப்பினால் தொற்று வீட்டுக்குள்ளேயே திரும்பி வரும் என்பதால், கடந்த 60 நாட்களில் உறவு கொண்ட அனைவருக்கும் சிகிச்சை தேவை. சிகிச்சை முடித்து 7 நாள் வரை உறவைத் தவிர்த்து, 3 மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். ஆணுறை இதன் பரவலை வெகுவாகக் குறைக்கிறது. எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகளையும் அதே வருகையில் முடித்துவிடுவது நல்லது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.