பால்வாடி மூடியிருந்தபோது அம்மாயி சொன்ன கப்பல் கதை

கொரோனாவால் 2020 மார்ச்சில் அங்கன்வாடிகளை மூடச் சொன்னபோது, 'பதினைந்து நாளில் திறந்துவிடும்' என்றுதான் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தாய்மார்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். நான் அங்கன்வாடி மேற்பார்வையாளர். நம் மாநிலத்தில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. வகுப்புகள் திரும்பத் திறந்ததோ 2022 பிப்ரவரி 16-ல். மூன்று வயதில் வீட்டோடு இருந்துவிட்ட பிள்ளைக்கு அதற்குள் ஐந்து வயது ஆகப்போகிறது. தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கமே வந்து சொல்லிக்கொடுக்க, நடுவில் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு வீடுதான் எல்லாமே.

அந்த வீட்டில் பகலில் யார் இருந்தார்கள்? தேயிலை எஸ்டேட் வேலை சீக்கிரமே பாதி ஆட்களோடு தொடங்கிவிட்டது. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போது இருந்த 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கள் பக்கம் அதுவும் பூட்டிக் கிடந்தது. லைன் வீட்டில் (எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) மிஞ்சியது பாட்டி, பிள்ளை, ஒரு போன். வெளியே விளையாட விடலாம் என்றால் பகலிலேயே காட்டெருமை வந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் கரடி.

முதல் மாதம் நான் ஒரு தப்புச் செய்தேன். அ, ஆ எழுதிப் பழகும் தாளை ஜெராக்ஸ் எடுத்து, சத்துமாவோடு சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஒரு வீட்டில் அப்பா திட்டுகிறார், பிள்ளை தாளைக் கசக்கிவிட்டு அழுகிறது. பிறக்கும்போது மணிக்கட்டில் இருப்பது வெறும் குருத்தெலும்பு. அது எலும்பாக இறுகிவரப் பல வருஷம் ஆகும். மூன்று வயதுக் கை பென்சிலை ஆட்சி செய்யாது. மாவு பிசையும், பட்டாணி உரிக்கும், பாத்திரத்துக்குப் பாத்திரம் தண்ணீர் மாற்றும். பென்சில் பிடிக்கும் பலம் அதில்தான் வருகிறது. அன்றோடு அந்தத் தாள்களை நிறுத்தினேன்.

இன்னொரு லைன் வீட்டில் நாலு வயதுப் பெண் பிள்ளை. போனில் கார்ட்டூன் ஓடிக்கொண்டே இருக்கும். பேச்சு குறைந்துவிட்டது என்று அம்மா கவலைப்பட்டார். அவள் அம்மாயியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், பேசினேன். "எனக்கு எழுத்தே தெரியாது டீச்சரம்மா, நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். மடியில் முறம், முறத்தில் அவரை. "பாட்டி, உரிக்கிறதை அவளோடு சேர்ந்து செய்யுங்கள். அவள் ஒன்று கேட்டால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள், நீங்களும் ஒன்று கேளுங்கள். அது போதும்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து முட்டை கொடுக்கப் போனேன். பிள்ளை வாசலுக்கே ஓடி வந்தது. "டீச்சர், அம்மாயி கப்பல்ல வந்துச்சு! தலைமன்னார்லருந்து ராமேஸ்வரம். பெட்டியில சட்டி இருந்துச்சு, அம்மாயி வாந்தி எடுத்துச்சு." பாட்டி இலங்கையிலிருந்து வந்த கதை அது. சொல்லிக்கொண்டே தரையில் அவரைக்கொட்டைகளை வரிசையாக வைத்தாள். பெரியது கப்பல், சின்னதெல்லாம் ஆட்கள். ஏழு பேர் வரை எண்ணினாள்; எட்டாவது உருண்டு ஓடியது, "அது கடல்ல விழுந்துருச்சு" என்றாள். முன்னும் பின்னும் கோத்துச் சொல்வது, எண்ணுவது, ஒன்றை இன்னொன்றாக நினைத்துக்கொள்வது எல்லாம் அந்த ஒரு முறம் அவரையில் இருந்தது. நான் பால்வாடியில் ஒரு மாதம் பாடுபட்டுக் கொண்டுவருவதும் இதைத்தான்.

போன் இந்த வேலையைச் செய்யாது. அது பேசும், பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பதில் சொல்லாது. 2 வயது வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. 3, 4 வயதுப் பிள்ளை நாளில் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதும் அதே அறிவுரை. வெளியே விட முடியாத நாளில் கட்டிலுக்கு அடியில் தவழட்டும், வாசல்படியில் ஏறி இறங்கட்டும்.

ஹட்டி என்று சொல்லும் படுகர் ஊர்களில் சில பெற்றோர், பள்ளிக்கு ஆகாது என்று வீட்டில் படுக மொழி பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தனக்கு நன்றாக வரும் மொழியில் கதை சொல்லும் பாட்டியை வராத தமிழில் பேசச் சொன்னால் கதையே நின்றுவிடும். சொந்த மொழியில் பேசிப் பழகிய பிள்ளை தமிழைப் பால்வாடியில் பிடித்துக்கொள்ளும். நான் வருஷா வருஷம் பார்க்கிறேன்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. இலை எடை போட்டுவிட்டு நீங்கள் நனைந்து வரும் நேரத்தில் தனியாக உட்கார்ந்து பாடம் நடத்த யாராலும் முடியாது. அடுப்படியில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'இன்னிக்கு எந்தக் காட்டில் பறிச்சேன் தெரியுமா' என்று ஆரம்பியுங்கள்.

கொரோனா போனாலும் மழை விடுமுறை இங்கே வருஷம் தவறாது. அந்த நாட்களுக்கும் இதேதான். அப்புறம் ஒன்று: மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், 'வீட்டிலேயே இருந்ததால் இப்படி' என்று தள்ளிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.