பரணிலிருந்து இறங்கும் இஸ்திரிப்பெட்டி: பிளக்கில் செருகும் முன்

கொஞ்ச காலமாக என் கடைக்குப் புது மாதிரி வேலை ஒன்று வருகிறது. தாத்தா வீட்டைக் காலி செய்யும்போது, பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த பழைய இஸ்திரிப்பெட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். "அண்ணா, இதை ஓட வைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். சிலருக்கு அது பாட்டியின் ஞாபகம். சிலருக்கு, அந்தக் காலத்துச் சாமான் என்றால் உழைக்கும் என்ற நம்பிக்கை. நம்பிக்கையில் பாதி சரி. இரும்பும் குரோம் பூச்சும் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கின்றன. கெட்டுப்போயிருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்கிறேன். அந்தப் பெட்டியை வருஷக்கணக்கில் பயன்படுத்திய பெரியவர் கூட வந்திருந்தால், அவர் கை பெட்டியைப் பிடிக்கும் விதமே வேறாக இருக்கும். எதை எப்போது தொடக்கூடாது, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பேரனுக்குப் பெட்டி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. சில பழக்கங்கள் பெட்டியின் ஆபத்தைத் தடுத்தன. வேறு சில, ஆபத்தை மறைத்து மட்டும் வைத்தன.

கரிப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். வீட்டுக்கு மின்சாரம் வந்த பிறகும் நம் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் அதுதான் இருந்தது. பித்தளையிலோ வார்ப்பிரும்பிலோ செய்தது, எடை 5 முதல் 7 கிலோ வரும். பெட்டியே இல்லாத வீடுகளில் பித்தளைச் சொம்பில் தணலைப் போட்டுத் தேய்த்ததையும், அதுவும் இல்லாவிட்டால் சட்டையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்ததையும் எங்கள் தெருப் பெரியவர்கள் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கரிப்பெட்டி தேய்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது சாம்பல் கதை. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி மேல் ஒரு பொறி விழுந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டை. அதனால் தணலை வெளியிலேயே பற்றவைத்து, புகை அடங்கிக் கரி நன்றாகச் சிவந்த பிறகுதான் பெட்டிக்குள் போடுவார்கள். வாசலில் நின்று பெட்டியை இப்படியும் அப்படியும் வீசிச் சாம்பலை ஊதிவிட்டு, அடிப்பக்கத்தை வாழையிலையிலோ ஈரத்துணியிலோ ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அப்புறம்தான் துணிப்பக்கம் போவார்கள்.

அவர்கள் வேட்டி அழுக்காகக் கூடாது என்று செய்தது உயிரையும் காத்தது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது, அதுவும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. புகை அடங்கிவிட்டதே, இனிமேல் வீட்டுக்குள் வைக்கலாம் என்று நினைப்பதுதான் தவறு. புகை இல்லாத சிவந்த தணலிலிருந்தும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். திண்ணையும் முற்றமும் இருந்த வீட்டில் அது காற்றோடு போய்விட்டது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்ட அடுக்குமாடி அறையில் போகாது. லேசான தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று ஆரம்பித்து, எழுந்து கதவைத் திறக்கக்கூட முடியாமல் போய்விடும். பழைய முறையில் தேய்த்து ஒரு வீடியோ எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மொட்டை மாடியில் எடுங்கள். பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் வேண்டாம். தேய்த்து முடித்த பிறகு சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைக்கூடையில் கொட்டாதீர்கள். மேலே வெள்ளையாக அணைந்தது போல் தெரியும் தணல் உள்ளே மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

நாள் முழுக்கக் கரிப்பெட்டியோடு நிற்கும் தெருமுனைத் தேய்ப்புக்காரர்களுக்கு இந்தப் புகையே பிழைப்பு. இப்போது பலர் கேஸ் சிலிண்டர் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோது இதைப் பார்த்துத்தான் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசியதும் அவர்தான்.

சரி, என் கடைக்கு அதிகம் வருவது மின்சாரப் பெட்டி. 60, 70, 80களில் வாங்கியவை. கனமான அடித்தட்டு, மரத்திலோ பேக்கலைட்டிலோ கைப்பிடி, பின்னால் கழற்றி மாட்டும் பீங்கான் சாக்கெட், அதிலிருந்து துணி சுற்றிய வயர். பாதிக்கு மேல், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கிடையாது. இந்தப் பெட்டிகளைப் பற்றி வயதானவர்கள் என்னிடம் சொல்லும் வாசகம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஓய்வு பெற்ற டீச்சரம்மா சொன்னது: "தம்பி, அது லேசா அடிக்கத்தான் செய்யும். செருப்பு போட்டுக்கிட்டுத் தேய்ச்சா ஒண்ணும் பண்ணாது."

மறைக்கும் பழக்கம் என்று நான் சொன்னது இதைத்தான். இஸ்திரிப்பெட்டி லேசாக அடிப்பது அதன் சுபாவம் இல்லை, பழுது. உள்ளே சூடாகும் நிக்ரோம் பட்டையை (காயில் என்போம்) மைக்கா, அதாவது அபிரகத் தகட்டில் சுற்றியிருப்பார்கள். மேலும் கீழும் மைக்கா. அதுதான் மின்சாரத்துக்கும் வெளி இரும்புக்கும் நடுவே இருக்கும் ஒரே சுவர். வருஷம் போகப் போக மைக்கா உதிரும், கீறல் விழும், மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும். அப்போது மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புக்குக் கசியும். பெட்டிக்கு எர்த் இருந்தால் கசிவு அந்த வழியாகப் போய்விடும். அன்றைக்குப் பல வீடுகளில் எர்த் இல்லை. இரண்டு பின் பிளக்தான். இன்னும் சிலர் பல்பு ஹோல்டரில் அடாப்டர் மாட்டி அதிலிருந்தே பெட்டிக்கு வயர் இழுத்தார்கள். கட்டில் மேல் நின்று பல்பைக் கழற்றிவிட்டு இஸ்திரி போட்ட வீடுகள் எத்தனையோ. அந்த இடத்தில் எர்த் என்ற பேச்சுக்கே வழியில்லை. அப்போது கசிவு தேய்ப்பவரின் உடம்பு வழியாகத்தான் இறங்கப் பார்க்கும். ரப்பர் செருப்பும் காய்ந்த தரையும் அதைத் தடுத்தன.

"அந்தக் காலத்துல இவ்வளவு பேருக்கு அடிச்சுது, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு மில்லியாம்பியர் உடம்பில் பாய்ந்தால் சுருக்கென்று தெரியும். பத்துப் பதினைந்து மில்லியாம்பியர் என்றால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டி நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சுருக்கென்று அடித்த அதே பெட்டி, அதே கசிவு. மாறியது செருப்பும் தரையும்தான். குளித்துவிட்டு ஈரக்காலோடு டைல்ஸ் தரையில் நின்று, இடது கையை ஸ்டீல் பீரோவில் ஊன்றிக்கொண்டு தேய்த்துப் பார்த்தால் கணக்கு வேறாகிவிடும். பார்க்க வேண்டாம்.

இதைவிட என்னைக் கோபப்படுத்தும் விஷயம் ஒன்று உண்டு. புது வீடுகளில், கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மாட்டியிருக்கிறார்கள். பழைய பெட்டிக்கு மூன்று பின் பிளக் போட்டுச் செருகியதும் அது ட்ரிப் ஆகிறது. ஆகத்தான் வேண்டும், கசிவைக் கண்டுபிடித்துவிட்டது. உடனே யாராவது பிளக்கைத் திறந்து பச்சை எர்த் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். ட்ரிப் ஆவது நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று எல்லாருக்கும் சந்தோஷம். உண்மையில் கசிவு போக இருந்த ஒரே பாதையையும் அடைத்திருக்கிறார்கள். இனி அந்தக் கசிவு அடுத்து தொடுபவரின் உடம்பைத்தான் தேடும். எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி உடம்பு வழிக் கசிவைப் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் ஆள் மேல் மின்சாரம் பாய்ந்த பிறகுதான் பிடிக்கும். ஆர்சிசிபியே இல்லாத பழைய வீட்டுக்கு அந்தப் பெட்டி போனால் அதுவும் கிடையாது.

வயரைப் பற்றிக் கொஞ்சம். துணி சுற்றிய பழைய வயரின் உள்ளே இருக்கும் ரப்பர் இப்போது பிஸ்கட் மாதிரி நொறுங்கும். வெளியே துணி பார்க்க நன்றாகவே இருக்கும், அதை நம்பாதீர்கள். நிறமும் வேறு: பழையதில் சிவப்பு, கறுப்பு, பச்சை. இப்போது பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பழைய வயரையும் புது பிளக்கையும் தெரியாமல் மாற்றி இணைத்தால் பெட்டியின் உடம்பிலேயே மின்சாரம் ஏறிவிடலாம். வயரை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. பழைய பெட்டிகளில் காயிலுக்கு மேலே, சூடு கைப்பிடிப் பக்கம் ஏறாமல் இருக்க வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள். எங்கள் தொழிலில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்போம். சில வயர்களின் துணிக்கு உள்ளேயும் அந்த நார் உண்டு. பெட்டி மூடியிருக்கும் வரை அதனால் பெரிய தொல்லை இல்லை. திறந்து, கத்தியால் சுரண்டி, வாயால் ஊதிச் சுத்தம் செய்யும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத நார் மூச்சில் போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் எல்லா வகையுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் தெரியவர 20, 30, 40 வருஷம்கூட ஆகலாம் என்பதால் யாரும் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நாங்கள் கற்றுக்கொண்ட காலத்தில் ஊதித்தான் துடைத்தோம், யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது கடையில் வேலை பழகும் பையன்களை அந்தப் பெட்டியைத் திறக்க நான் விடுவதில்லை. நல்ல முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, அட்டையை எடுத்துக் கனமான பாலித்தீன் பையில் கட்டிவிடுகிறேன். யூடியூப் பார்த்து வீட்டு ஹாலில் குழந்தைகளை வைத்துக்கொண்டு திறக்கும் அளவுக்கு அது வேடிக்கை இல்லை.

தெர்மோஸ்டாட் இல்லாத பெட்டியைக் கையாண்டவர்களின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. இன்றைய பெட்டியில் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி வரை, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. திருகி வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். அன்றைக்கு அந்தத் திருகு தேய்ப்பவரின் தலைக்குள் இருந்தது. பெட்டி சூடாக ஆரம்பிக்கும்போதே நைலானும் பட்டும், நன்றாக ஏறியதும் கஞ்சி போட்ட பருத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகு மிச்சச் சூட்டில் கைக்குட்டையும் தலையணை உறையும். தண்ணீரைத் தெளித்து, அது ஓடும் சத்தத்தை வைத்தே சூட்டைச் சொல்வார்கள். அந்த வரிசை தெரியாத கையில் அதே பெட்டி நேராக பாலியஸ்டர் சட்டை மேல் போய் உட்காரும். சட்டை போனால் பரவாயில்லை. தேய்க்கும்போது போன் வந்து நகர்ந்தால் அந்தப் பெட்டி தானாக நிற்காது, ஏறிக்கொண்டே போகும்.

அவர்களிடம் இருந்த இன்னொரு விதியை இன்றைக்கும் எல்லா வீட்டிலும் பார்க்க ஆசை: கரண்ட் போனால் முதலில் இஸ்திரி பிளக்கைப் பிடுங்கு, அப்புறம் மெழுகுவத்தியைத் தேடு. மின்வெட்டில் கரண்ட் போய், பெட்டியைத் துணிமேல் படுக்கவைத்துவிட்டு வெளியே போய், ஆளில்லாத வீட்டில் கரண்ட் திரும்பி மெத்தை எரிந்த வீடுகளுக்கு வயரிங் மாற்றப் போயிருக்கிறேன். புதுப் பெட்டிக்கும் இந்த விதி பொருந்தும். தெர்மோஸ்டாட் சூட்டை 200-ல் நிறுத்தும், ஆனால் பெட்டியை அணைக்காது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் 200 டிகிரி என்றால் பருத்தி மெத்தை கருகிப் புகைய அது போதும்.

இனி பெட்டியை என்ன செய்வது? ஓட வைத்தே ஆகவேண்டும் என்றால் செருகிப் பார்க்காமல் முதலில் கொண்டுவாருங்கள். மின்கசிவுத் தடுப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவியை வைத்துக் காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே பார்ப்போம். ஒரு மெகாஓம்கூடக் காட்டாவிட்டால் அந்தக் காயில் வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது நன்றாகக் காட்டி, சூடானதும் விழுகிற பெட்டிகளும் உண்டு. அதனால் ஓட்டிச் சூடேற்றி, பிளக்கைக் கழற்றி, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சூட்டோடு பார்க்காமல் ஓகே சொல்லும் கடையை நம்பாதீர்கள். புது மைக்கா காயில், முழு மூன்று கோர் வயர், எர்த் உள்ள சாக்கெட், வீட்டில் ஆர்சிசிபி. இதெல்லாம் இருந்தால் தேய்க்கலாம், பக்கத்திலேயே நிற்பதாக இருந்தால். செலவைக் கூட்டிப் பார்த்தால் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள புதுப் பெட்டி மலிவாக வரும் என்று நானே சொல்லிவிடுகிறேன், வியாபாரம் போனாலும்.

அலமாரியில் அழகுக்கு வைப்பதானால் வயரை வெட்டிவிடுங்கள். பின்பக்க சாக்கெட்டையும் தனியாக எடுத்து ஒளித்து வையுங்கள். விடுமுறைக்கு வரும் குழந்தைகளில் ஒன்று கட்டாயம் அதைச் செருகிப் பார்க்கும்.

வீட்டுப் பெரியவர்களே இன்னும் தேய்க்கிறார்கள் என்றால், சிறிது நேரம் அசையாமல் இருந்தால் தானாக அணையும் பெட்டியாக, கனம் குறைந்ததாக வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒன்றைப் பாருங்கள். பழைய கைப்பழக்கத்தில் ஈர விரலால் அடித்தட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். சர்க்கரை நோயால் விரல் மரத்துப்போனவர்களுக்குச் சுட்டது உடனே தெரியாது. தடுத்தால் கோபம் வரும், ஆனாலும் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் அவர்களுக்குத் தெரிந்த முறைதான்.